அத்தை மகன்தான் மெயிலுக்குள் புகுந்தாரா?

மண்டபம் பக்கத்துக் கடலோர ஊரிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

அப்பா தொடங்கிய கருவாட்டு வியாபாரத்தை இவர் நடத்துகிறார். நெத்திலியும் காய்ந்த கணவாயும் தூத்துக்குடி வழியாகத் துபாய்க்குப் போகின்றன. ஜூலையில் வரவேண்டிய 14,800 டாலர் வரவில்லை. துபாய் வியாபாரியைக் கேட்டால், ‘கணக்கு மாறிவிட்டது என்று நீங்கள்தானே மெயில் போட்டீர்கள், மூன்று வாரத்துக்கு முன்பே கட்டிவிட்டேன்’ என்கிறார். புதிய கணக்கு ஏதோ ஓர் ஐரோப்பிய நாட்டு வங்கியில் இருக்கிறது. பதறிப்போய் அலுவலக ஜிமெயிலைத் திறந்து பார்த்தால், துபாயிலிருந்து வரும் மெயில்களை இன்பாக்ஸுக்கு வராமல் ஒதுக்கும் ஃபில்டர் ஒன்று உள்ளே இருக்கிறது. உள்நுழைவுப் பட்டியலில் கொழும்பு ஒன்று, நெதர்லாந்து ஒன்று, சென்னை இரண்டு.

இவருடைய சந்தேகம், நான்கு மாதத்துக்கு முன் சம்பளத் தகராறில் விலகிய கணக்கர் மேல். அவர் இவருடைய அத்தை மகன். இப்போது போட்டி வியாபாரியின் கிட்டங்கியில் வேலை பார்க்கிறார். அவருக்குப் பாஸ்வேர்டு தெரியும், கொழும்பில் சொந்தக்காரர்கள் உண்டு. போலி மெயிலில் அவர் வழக்கமாக எழுதும் ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ இருக்கிறது. மெயில் போன நேரம் இரவு 9.40, அப்போது அவர் வாட்ஸ்அப்பில் ஆன்லைனில் இருந்திருக்கிறார். ‘தனுஷ்கோடிப் பக்கம் போனால் இலங்கை டவர் எடுக்கும், அதனால்தான் கொழும்பு என்று காட்டுகிறது’ என்று ஊரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். 25,000 ரூபாய் கொடுத்தால் அத்தை மகனின் போனுக்குள் புகுந்து ஆதாரம் எடுத்துத் தருவதாகவும் சொல்கிறாராம்.

கேள்விகள் மூன்று. அத்தை மகன் பெயரை எழுதிப் புகார் கொடுக்கலாமா? ஊர்க் கூட்டத்தில் வைத்துப் பணத்தைக் கேட்கலாமா? துபாய்க்காரர் ‘நான் கட்டியாயிற்று’ என்கிறாரே, நஷ்டம் யார் தலையில் விழும்?

அன்புச் சகோதரிக்கு,

ஆளைப் பிறகு தேடலாம், முதலில் பணம். துபாய் வியாபாரி இன்றே தன் வங்கிக்குப் போய், மோசடி என்று எழுதிக் கொடுத்து, ஸ்விஃப்ட் (வங்கிகள் தமக்குள் செய்தி அனுப்பும் உலக வலை) வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கும் செய்தி அனுப்பச் சொல்ல வேண்டும். அவர் ஊர்ப் போலீஸிலும் புகார் கொடுக்க வேண்டும். அனுப்பியவர் அவர் என்பதால் இதை உங்களால் செய்ய முடியாது. மூன்று வாரம் ஆகிவிட்டதால் பணம் அந்தக் கணக்கில் இன்னும் இருக்கும் என்று பெரிதாக நம்ப வேண்டாம். ஆனால் அது எந்தெந்தக் கணக்குக்குப் போனது என்ற தடம் கிடைக்கும். பின்னால் சொல்லப்போகும் காரணத்தால் அந்தத் தடம் மெயில் பதிவுகளைவிடப் பெறுமதியானது. நீங்கள் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-இல் சொல்லி, தேசியச் சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிந்துகொள்ளுங்கள். 1930 இந்திய வங்கிக் கணக்குகளைத்தான் சட்டென்று முடக்கும். வெளிநாட்டுக் கணக்கில் அதன் கை எட்டுவது கடினம். இருந்தாலும் புகார் எண் எல்லா இடத்திலும் கேட்கப்படும். உங்கள் ஏற்றுமதி வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அந்த பில்லுக்குப் பணம் வராத நிலுவை ரிசர்வ் வங்கிக் கணினியில் உங்கள் பெயரில் நிற்கும்.

நான்கு கேள்விகள், ஒரே பதில் இல்லை

‘யார் செய்தது’ என்று ஒரே மூச்சில் கேட்கிறீர்கள். அதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. எந்த இணைப்பு வழியாக வந்தார்கள்? அந்த இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? எந்தக் கருவியில் இருந்து வந்தார்கள்? அந்தக் கருவியின் முன்னால் உட்கார்ந்திருந்தது யார்? ஒன்றுக்குக் கிடைத்த விடை அடுத்ததற்கு விடை ஆகாது. உங்கள் கையில் இருப்பது முதல் கேள்விக்கான பாதி விடை. கடைக்காரர் அதிலிருந்து ஒரே தாவலில் நான்காவதற்குப் போய்விட்டார்.

அவர் சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். இரவு 9.40 என்பது எங்கே இருந்தது? மெயிலின் முழு ஹெடரில் (மெயில் போன வழியும் நேரமும் பதிவாகும் தலைப்பகுதி) ‘21:40:12 -0700’ என்று இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கூகுள் சர்வர்கள் கலிபோர்னியா நேரத்தில் முத்திரை போடும். கடைசியில் உள்ள மைனஸ் 0700 என்றால் உலக நேரத்துக்கு ஏழு மணி நேரம் பின்னால் என்று பொருள். அதைச் சேர்த்துப் பார்த்தால் உலக நேரம் மறுநாள் அதிகாலை 4.40, நம் நேரம் காலை 10.10. ஆக, இரவில் அவர் வாட்ஸ்அப்பில் இருந்ததற்கும் இந்த மெயிலுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு சாட்சியம் இங்கேயே விழுந்துவிட்டது. துபாய்க்காரரின் நேரம் +0400, நம்முடையது +0530; ஒரே மெயில் மூன்று நேரத்தில் தெரியும். இலங்கையும் +0530-தான் என்பதால், நேரத்தை வைத்து ‘இங்கேயா அங்கேயா’ என்றும் சொல்ல முடியாது.

கொழும்பு விஷயம். தனுஷ்கோடியில் போன் இலங்கை டவரைப் பிடிப்பது உண்மைதான். ஆனால் ரோமிங்கில் போகும் டேட்டா பொதுவாக நம் ஊர் நிறுவனத்தின் வாசல் வரை திரும்ப வந்துதான் இணையத்துக்குள் போகும். அதனால் இந்திய ஐ.பி.தான் (இணைப்பின் முகவரி எண்) காட்டும், கொழும்பு காட்டாது. கொழும்பு என்று தெரிந்தால் அங்குள்ள இணைப்பு, அங்கே வாசல் வைத்த விபிஎன் (இருக்கும் இடத்தை மறைத்து வேறு ஊராகக் காட்டும் சேவை), அல்லது யாரோ ஒரு பாவப்பட்டவருக்குத் தெரியாமல் அவர் கணினி வழியாகக் கடத்தப்பட்ட போக்குவரத்து. இந்த மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். நெதர்லாந்து எண் தரவு மையத்துக்குச் சொந்தமானதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மணிக்கணக்கில் வாடகைக்கு சர்வர் கிடைக்கிற இடங்கள் அவை.

சென்னை இரண்டும் நீங்களாகவே இருக்கலாம். ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்து மொபைல் டேட்டாவில் போனால், நிறுவனத்தின் வாசல் இருக்கும் சென்னையோ மதுரையோதான் ஊராகத் தெரியும். உங்கள் போனில் வைஃபையை அணைத்துவிட்டு ஐ.பி. பார்க்கும் தளம் ஏதாவது ஒன்றைத் திறந்து பாருங்கள். சென்னை என்று வந்தால் அந்த இரண்டு வரிக்கும் பதில் பெரும்பாலும் கிடைத்துவிட்டது.

ஐ.பி. எண் மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. பழைய வகை, அதாவது புள்ளி வைத்த நான்கு எண்கள் உள்ள முகவரி நம் நாட்டு மொபைல் இணைப்புகளில் தனி ஆளுக்குத் தரப்படுவதில்லை. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே எண்ணின் பின்னால் நிற்பார்கள். ஆளைப் பிரிக்க எண்ணோடு போர்ட் எண்ணும் (ஒரே முகவரியின் பின்னால் ஒவ்வொரு தொடர்பையும் பிரித்துக் காட்டும் எண்) நொடி வரை துல்லியமான நேரமும் வேண்டும். ஜிமெயில் உங்களுக்குக் காட்டும் பட்டியலில் போர்ட் இருக்காது. ஆனால் முக்காற்புள்ளி போட்ட நீளமான புதிய வகை முகவரி தெரிந்தால், அது பெரும்பாலும் ஒரு சந்தாதாரரோடு நிற்கும். அதில் ஒரு எழுத்தும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் யாருடையது என்று நிறுவனத்திடம் கேட்கும் அதிகாரம் உங்களுக்கோ எனக்கோ கடைக்காரருக்கோ இல்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 94-ஆம் பிரிவின்படி காவல்துறையோ நீதிமன்றமோ கேட்கலாம். அப்படிக் கேட்டாலும் வரும் பெயர் சிம் வாங்கியவருடையது. அது தாத்தா பெயரில் இருக்கலாம். வைஃபை என்றால் பாஸ்வேர்டு தெரிந்த தெரு முழுவதும் அந்தப் பெயருக்குள் அடக்கம்.

‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ பற்றி. வங்கிக் கணக்கு மாற்றும் கும்பல்கள் மெயிலுக்குள் வந்ததும் உடனே எதையும் செய்வதில்லை. சென்ட் ஃபோல்டரைப் படித்துக்கொண்டு, எந்தப் பில்லுக்கு எப்போது பணம் வரும் என்று வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். உங்கள் கணக்கர் எழுதிய பழைய மெயில்களை அப்படியே எடுத்துத் தொகையையும் கணக்கு எண்ணையும் மட்டும் மாற்றுவார்கள். அவருடைய நடை அதில் இருப்பது, எழுதியவர் உங்கள் பழைய மெயில்களைப் படித்தார் என்பதைத்தான் காட்டுகிறது. அந்த வாசகத்தை எழுதாத குமாஸ்தா நம் நாட்டில் குறைவு என்பது வேறு விஷயம்.

நாடுகளே தடுமாறிய இடம் இது. 1998 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவக் கணினிகளுக்குள் யாரோ புகுந்தார்கள். ஈராக்கோடு பதற்றம் இருந்த நேரம். தடம் ஐக்கிய அரபு அமீரகத்து இணைய நிறுவனம் வழியாகப் போனது. ஈராக்தான் என்று பலரும் நினைத்தார்கள். கடைசியில் பிடிபட்டது கலிபோர்னியாவில் இரண்டு பதின்வயதுப் பையன்கள், அவர்களோடு ஓர் இஸ்ரேலிய இளைஞர். 2018-இல் தென்கொரியக் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவன்று கணினிகளைச் சாய்த்த நிரலில், வடகொரியக் குழுவின் கைரேகை போன்ற அடையாளம் இருந்தது. அது வேண்டுமென்றே ஒட்டப்பட்டது என்று ஆய்வாளர்கள் பிறகு காட்டினார்கள். 2020 அக்டோபரில் அமெரிக்கா குற்றம் சாட்டியது ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவினர் 6 பேரை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆகும்படி தடத்தை மாற்றிப் போடுவது இந்தத் தொழிலில் சகஜம்.

அப்படியானால் அவர் இல்லையா?

அப்படியும் நான் சொல்லவில்லை. மூன்று வாய்ப்புகளை எடை போடுங்கள்.

அவரே செய்திருக்கலாம். ஆனால் 14,800 டாலரை ஐரோப்பிய வங்கியில் வாங்கி வெளியே எடுக்க, அங்கே ஆள் வேண்டும். கிட்டங்கிக் கணக்கர் ஒருவருக்கு அது எளிதல்ல. முன்பின் தெரியாத கும்பல் செய்திருக்கலாம். நீங்கள் விவரித்த ஃபில்டரும், காத்திருந்து ஒரே ஒரு பில்லை மட்டும் அடித்ததும் அந்த வகைக்குப் பொருந்துகின்றன. அலுவலகக் கணினியில் ‘கிராக்’ போட்ட மென்பொருள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். அப்படிப்பட்ட கோப்புகளோடு, பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் உள்நுழைவுக் குக்கீகளையும் (ஏற்கெனவே உள்ளே வந்தவர் என்று தளத்துக்குக் காட்டும் சிறு பதிவுகள்) சுருட்டி அனுப்பும் நிரல்கள் வரும். குக்கீ கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். அப்படித் திருடியது மொத்தமாக விற்கப்பட்டு, வாங்கியவர் வேறொருவராக இருப்பார். உள்ளே புகுந்தவரும் பணம் எடுத்தவரும் ஒருவரை ஒருவர் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

மூன்றாவது வாய்ப்பை நீங்கள் யோசிக்கவில்லை: அவர் செய்யவில்லை, ஆனால் அவர் வழியாக நடந்தது. அவர் விலகியபோது பாஸ்வேர்டை மாற்றவில்லை என்கிறீர்கள். அவர் போனில் உங்கள் மெயில் இன்னும் திறந்தே இருந்து, அந்தப் போனில் ஏதாவது புகுந்திருந்தால், உங்கள் சந்தேகம் இடத்தில் சரி, ஆளில் தவறு.

இவற்றைப் பிரித்துக் காட்டக்கூடியவை சில உண்டு. அந்நிய உள்நுழைவு அவர் விலகுவதற்கு முன் தொடங்கியதா, பின்னா. கூகுள் கணக்கின் ‘யுவர் டிவைசஸ்’ பட்டியலில் இருக்கும் போன் மாடல்கள். எல்லாவற்றுக்கும் மேலாகப் பணத்தின் பாதை. ஐ.பி.யை ஐந்து நாட்டுக்குச் சுற்றிவிடலாம். பணம் மட்டும் கடைசியில் எங்கேயோ ஒரு கைக்கு வந்தாக வேண்டும். இப்படிப்பட்ட வழக்குகளில் ஆள் சிக்குவது பெரும்பாலும் அந்த முனையில்தான்.

கை வைக்கும் வரிசை

இங்கேதான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. பதற்றத்தில் பாஸ்வேர்டை மாற்றி, ஃபில்டரை அழித்து, கணினியை ஃபார்மட் செய்துவிட்டுப் பிறகு புகார் கொடுக்க வருகிறார்கள்.

முதலில் அலுவலகக் கணினியின் இணையக் கம்பியைக் கழற்றுங்கள். வைரஸ் தேடி அழிக்கும் வேலை வேண்டாம். ஜிமெயில் பக்கத்தின் அடியில் வலது ஓரத்தில் உள்ள ‘டீடெயில்ஸ்’ பட்டியல் கடைசிப் பத்து நடவடிக்கைகளை மட்டுமே காட்டும். நீங்கள் திரும்பத் திரும்ப வெவ்வேறு இடத்திலிருந்து திறந்து பார்த்தால் பழைய வரிகள் கீழே தள்ளப்பட்டுக் காணாமல் போகும். ஆகவே நம்பகமான ஒரு வேறு கணினியில் ஒரே தடவை திறந்து, அந்தப் பட்டியல், ஃபில்டர், ஃபார்வர்டிங் பக்கம், சாதனப் பட்டியல் எல்லாவற்றையும் தேதியும் நேரமும் தெரியும்படி படம் எடுங்கள். கூகுள் டேக்அவுட்டில் (கணக்கின் தரவை மொத்தமாக இறக்கும் வசதி) ‘ஆக்சஸ் லாக் ஆக்டிவிட்டி’யையும் மெயிலையும் தேர்ந்தெடுத்து இறக்கிக்கொள்ளுங்கள்.

துபாய்க்காரரிடம் அந்தப் போலி மெயிலை ஃபார்வர்ட் செய்யச் சொல்லாதீர்கள். ஃபார்வர்ட் செய்தால் பழைய ஹெடர் போய்விடும். கோப்பாக இறக்கி, இணைப்பாக அனுப்பச் சொல்லுங்கள். அதில் அனுப்பியவர் முகவரியை ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஆர், என் இரண்டும் ஒட்டினால் எம் போலவே தெரியும். ‘ரிப்ளை-டு’ வரியில் வேறு முகவரி இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் கணக்கிலிருந்தே போனதா, உங்கள் பெயரைப் போலத் தோன்றும் வேறொன்றிலிருந்து போனதா என்பதுதான் நஷ்டம் யாருக்கு என்ற உங்கள் மூன்றாவது கேள்விக்கான பதிலைத் தீர்மானிக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அடைப்பு வேலை. எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள், புதுப் பாஸ்வேர்டு, இரண்டடுக்குச் சரிபார்ப்பு. மீட்பு எண்ணைப் பாருங்கள்: விலகிப்போன கணக்கர் எண்ணே அங்கே உட்கார்ந்திருப்பது மிகச் சாதாரணம். அணுகல் தரப்பட்ட வெளி ஆப்களையும் நீக்குங்கள். இவை எதையும் அந்தப் பழைய கணினியில் செய்யக் கூடாது. உள்ளே திருடும் நிரல் இருந்தால் புதுப் பாஸ்வேர்டும் போய்விடும்.

நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவுக்கு பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியில் நீங்களும் இன்னொரு பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும், கைரேகை போன்ற எண்) அதில் வரும். எடுத்த கோப்புகளை அன்றைக்கே ஒரு புதிய பென்டிரைவில் போட்டு, பிறகு திறக்காமல் வைத்துவிடுங்கள்.

காலமும் ஓடிக்கொண்டிருக்கிறது. யார் எப்போது நுழைந்தார் என்ற லாக் பதிவுகளை நிறுவனங்கள் 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவு. வெளிநாட்டுச் சிறு நிறுவனங்கள் அவ்வளவு நாள் வைத்திருப்பதில்லை.

புகாரில் பெயர்

புகாரை ராமநாதபுரம் மாவட்டச் சைபர் கிரைம் காவல் நிலையத்தில் கொடுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை ஆய்வாளர் பதவிக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும். அனுமதியின்றி நுழைந்ததற்கு 66, அடையாளத் திருட்டுக்கு 66-சி, ஆள்மாறாட்ட மோசடிக்கு 66-டி, கூடவே பாரதிய நியாய சன்ஹிதா (தண்டனைச் சட்டம்) 318, 319. குற்றவாளி என்ற இடத்தில் ‘அடையாளம் தெரியாத நபர்கள்’ என்று எழுதுங்கள். அத்தை மகனைப் பற்றித் தனிப் பத்தியில், தெரிந்ததை மட்டும்: ‘இன்ன தேதி வரை இவர் எங்கள் கணக்கர். இவருக்குப் பாஸ்வேர்டு தெரியும். விலகிய பின் அதை நாங்கள் மாற்றவில்லை.’ அவ்வளவுதான். ‘இவர்தான் செய்தார்’ என்ற வரி வேண்டாம். நல்லெண்ணத்தோடு போலீஸில் சந்தேகத்தைச் சொல்வதற்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. பொய் என்று தெரிந்தே குற்றம் சாட்டினால் நியாய சன்ஹிதாவின் 248-ஆம் பிரிவு உங்கள் மேல் திரும்பும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அது அவதூறு, 356.

ஊர்க் கூட்டம் வேண்டவே வேண்டாம். நாலு பேர் சூழ நிறுத்திப் பணம் கேட்டால் மிரட்டல், பறிப்பு என்று அவர் புகார் கொடுக்க முடியும். அங்கே எழுதி வாங்கும் கடிதத்துக்கும் நீதிமன்றத்தில் மதிப்பு இருக்காது. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. பேச்சு காதில் விழுந்த அன்றைக்கே அவர் போனை ஃபார்மட் செய்துவிடுவார். குற்றம் செய்திருந்தால் மறைக்க, செய்யாவிட்டால் பயத்தில். மூன்றாவது வாய்ப்பு உண்மையாக இருந்தால், உள்ளே புகுந்தவரிடம் போகும் முக்கியமான ஒரு தடம் அந்தப் போனுக்குள் இருக்கிறது.

கடைக்காரரின் 25,000 ரூபாய் யோசனையைப் பற்றி ஒரு வரி போதும்: அதே 66-ஆம் பிரிவின் கீழ் நீங்கள் உள்ளே போவீர்கள், எடுத்த ஆதாரமும் ‘இவர்களே வைத்தது’ என்று ஆகிவிடும்.

நஷ்டம் யாருக்கு?

கடன்பட்டவர் மூன்றாம் ஆளிடம் பணம் கட்டினால் கடன் தீராது என்பது பொது விதி. போலி முகவரியிலிருந்து மெயில் போயிருந்தால், போன் போட்டுக்கூடக் கேட்காமல் கட்டிய அவர் பக்கம் பலவீனமாகிறது. உங்கள் கணக்கிலிருந்தே போயிருந்தால், ‘உங்கள் வாசலைத் திறந்து வைத்தது நீங்கள்’ என்று அவர் வாதிடுவார். அப்போது பெரும்பாலும் நடுவில் எங்கேயோ ஒரு தொகையில் முடியும். இப்போதைக்கு ‘எங்கள் மெயில் ஹேக் ஆகிவிட்டது, மன்னிக்கவும்’ என்று அவருக்கு எழுதிவிடாதீர்கள். அது ஒப்புதலாக நிற்கும். ‘கணக்கு மாற்றம் குறித்து நாங்கள் எந்த அறிவிப்பும் தரவில்லை, பில் தொகை நிலுவையில் உள்ளது, விசாரணை நடக்கிறது’ என்று மட்டும் எழுதுங்கள். பணம் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. எந்த நாட்டு நீதிமன்றம் என்பது உங்கள் ஒப்பந்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். அதன் நகலை அனுப்புங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. அந்தக் கணினியைப் போலீஸ் வாங்கும் வரை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் தேதியோடு இருவர் கையெழுத்து வாங்கி, வீட்டு அலமாரியில் வையுங்கள். கருவாட்டுக் கிட்டங்கியில் வேண்டாம். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து உள்ளே இருக்கும் பலகையை அரித்துவிட்டால், ஹார்ட் டிஸ்க்கைப் படிப்பதே தடயவியல்காரருக்குத் தனி வேலையாகிவிடும்.